மாமரத்து முசுறு

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள கயலுக்கு,

நீ அலமாரியில் விட்டுச்சென்ற கேமராவை இப்போது நான்தான் பயன்படுத்துகிறேன். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமே என்று வெளியே எடுத்தேன். திரும்ப உள்ளே வைக்க மனம் வரவில்லை.

கொல்லைப்புற மாமரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டியிருக்கின்றன. இலைகளைச் சேர்த்துத் தைத்த அந்தக் கூட்டைப் படம் எடுக்க மூன்று நாளாகக் காலை 7 மணிக்கே போய் நிற்கிறேன். நேற்று ஒரு முசுறு மட்டும் வரிசையில் சேராமல் தனி இலையில் நடந்துகொண்டிருந்தது. அதே செம்பழுப்பு, அதே ஒடுங்கிய இடை, முன்னால் ஆடும் அதே உணர்கொம்புகள். வரிசையிலிருந்து ஒன்று பக்கத்தில் வந்ததும் இது சட்டென்று இலையின் அடிக்குப் போய்விட்டது. என் கை நிழல் பட்டதும் குதித்தது. ஆனால் தரையில் விழவில்லை, ஓர் இழையில் தொங்கியது. வளர்ந்த எறும்புக்கு ஏதம்மா நூல்?

படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். எட்டு! உணர்கொம்பு என்று நான் நினைத்தது, தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். முகத்தில் பெரிதாக இரண்டு கண்கள், பக்கத்திற்கு ஒன்றாகச் சிறிய கண்கள். குதிக்கும் சிலந்தி! கடித்து அமிலம் பீய்ச்சும் முசுறைப் பல விலங்குகள் தொடுவதில்லை. அந்தப் பயம்தான் இதற்குக் காவல். ஆனால் முசுறிடமே சிக்கினால் உயிர் போய்விடும். அதனால்தான் அந்த ஒதுக்கம்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது, திண்ணைச் சுவரில் இருந்த ஒரு சிலந்தியை நான் துடைப்பத்தால் தட்டப் போனேன். "அது நம்மைப் பார்க்கிறது அப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். பூச்சி எங்கே பார்க்கும் என்று சொல்லித் தட்டிவிட்டேன். நீ அன்று சாப்பிடவில்லை.

இன்று அதே சுவரில் அதே மாதிரி ஒன்று. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனதும் உடலைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், அதுவும் திரும்பியது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில், ஒன்றில் கண் கன்னங்கரேல் என்று இருக்கிறது, மற்றதில் தேன் நிறம். கண்ணின் முன்பக்கம் அசைவதில்லை. உள்ளே இருக்கும் விழித்திரைதான் நகர்ந்து நகர்ந்து பார்க்கிறது. அதனால்தான் நிறம் மாறித் தெரிகிறது. வலை பின்னிக் காத்திருக்காமல், கண்ணால் பார்த்துப் பாய்ந்து இரை பிடிக்கும் உயிர் அது. நீ சொன்னதுதான் சரி, கயல். அன்று உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

துடைப்பம் இப்போது திண்ணைப் பக்கம் போவதில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

படங்களை அனுப்பியிருக்கிறேன். லென்ஸ் துளையை எஃப் 8 அளவில் வைத்து எடுத்ததில் கண் தெளிவாக இருக்கிறது, பின்னங்கால்கள் மங்கிவிட்டன. துளையைச் சுருக்கி எஃப் 11-க்கு ஏற்றினால் படம் இருண்டுவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் அது மிரளுமா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா