கூறு எடுக்க முன்னம்

உப்புவெளி, திருகோணமலை
கார்த்திகை 20

அன்புள்ள ரவி மச்சானுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பின ஏலப் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே கச்சான் ஓய்ந்து வாடை பிடித்துவிட்டது. வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் சீசன் முடிந்து நிலாவெளி ரோட்டும் வெறிச்சோடிக் கிடக்கிறது. மழைக்குள் இருந்து எழுதுகிறேன், கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

அமெரிக்காவில், ஹரிஸ்பேர்க்கில் பென்சில்வேனியா அரசு ஏலத்தில் விற்கிற வில்லுக்கத்திக் கூறுகளில் (விமான நிலையச் சோதனையில் அகப்பட்ட கத்திகளை மொத்தமாகப் போட்ட குவியல்) ஒன்றை எடுத்துத் திருத்தி விற்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம். மலிவு என்று மட்டும் நினைத்து எடுக்காதே. ஏலத்தில் கொடுக்கிற காசு கொஞ்சம்தான். பிறகு உன் மேசையில் போகிற மணித்தியாலம் இருக்கே, அதுதான் விலை.

பறிமுதல் சாமான் என்று எழுதியிருந்தாய். அது சரியான சொல் இல்லை. 2001 நவம்பரில் டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு வந்த பிறகு விமான நிலையச் சோதனையில் கத்தி அகப்பட்டால், பயணிக்கு வழி கொடுக்கிறார்கள்: திரும்பிப் போய்ப் பொதிக்குள் போடு, காரில் வை, வழியனுப்ப வந்தவரிடம் கொடு, இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போ. விட்டுவிட்டுப் போனதுதான் பெட்டிக்குள் விழுகிறது. டி.எஸ்.ஏ. அதை விற்பதில்லை. மாநிலங்களின் உபரிச் சொத்துப் பிரிவுகளிடம் கொடுத்துவிடும். விற்று வருகிற காசும் மாநிலத்துக்குத்தான். ஆகவே வாங்கி விற்பதில் வில்லங்கம் இல்லை.

கூறுக்குள் என்ன இருக்கும் என்பதையும் இதிலிருந்தே சொல்லலாம். நூற்றைம்பது டொலர் கத்தி வைத்திருக்கிறவன் வரிசையை விட்டுத் திரும்பி ஓடுவான். சாவிக் கொத்தில் தொங்குகிற இருபது டொலர் கத்திக்கு யார் ஓடுவது? அதனால் பெட்டிக்குள் நிறைகிறது மறந்துபோன சின்னச் சாமான்தான்: விக்டொரினொக்ஸ் கிளாசிக் என்ற சாவிக் கொத்துச் சுவிஸ் கத்தி, வைன் போத்தல் திருகி, விளம்பரத்துக்கு இனாமாகக் கொடுத்த பெயர் தெரியாத கத்தி. தப்பித் தவறி நல்லது விழுந்தாலும் தரம் பிரிக்கிறவர்கள் அதைத் தனியே எடுத்து வேறு ஏலத்தில் போடுவார்கள். கலப்புக் கூறுக்குள் புதையல் தேடாதே.

நீ அனுப்பின முதல் படத்தின் கீழே எழுதியிருக்கிற வாசகத்தைத் திரும்பப் படி. ‘சுவிஸ் ஆர்மி’ என்று இல்லை, ‘சுவிஸ் ஆர்மி ஸ்டைல்’ என்று இருக்கிறது. குறடும் கத்தியும் ஒன்றாய் மடிகிற மல்டிடூல் கூறிலும், லெதர்மன் கம்பனியின் பெயரை வைத்து ‘லெதர்மன் ஸ்டைல்’. அந்த ஸ்டைல் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாச் சீனச் சாமானும் அடங்கிவிடும், பிறகு நீ போய்க் கேட்கவும் முடியாது. படமும் அப்படித்தான். எங்கள் துறையில் மீன் கூறு போடுகிறவன் பாரையை மேலே வைத்துச் சூடையை அடியில் தள்ளுவான். அங்கே யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது மேல் அடுக்கு மட்டும்தான்.

அந்த மேல் அடுக்கையாவது ஒழுங்காகப் பார். படத்தைப் பெரிதாக்கிச் சிலுவைச் சின்னத்தைத் தேடு. கேடயத்துக்குள் சிலுவை என்றால் விக்டொரினொக்ஸ். மூலை மழுங்கின சதுரத்துக்குள் சிலுவை என்றால் வெங்கர். அந்தக் கம்பனியை 2005இல் விக்டொரினொக்ஸ் வாங்கிவிட்டது, 2014 தொடக்கம் கத்திகளில் வெங்கர் பெயரே இல்லை. வெங்கர் கிடைத்தால் விடாதே, பழசு சேர்க்கிறவர்கள் வாங்குவார்கள். ஆனால் அதன் கத்தரிக்கோலின் அமைப்பு வேறு, விக்டொரினொக்ஸ் ஸ்பிரிங் அதற்குப் போகாது. வெறும் சிலுவை மட்டும் அச்சடித்திருந்தால் போலி என்று வைத்துக்கொள். சாமான் கைக்கு வந்த பிறகு பெரிய அலகின் அடிக்கழுத்தைப் பார்; அங்கே பெயர் வெட்டியிருக்கும். ‘ஸ்டெயின்லெஸ் சைனா’ என்றோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் குப்பைக் குவியலுக்கு.

இனி நிறை. கூறுகளை இறாத்தல் கணக்கில்தான் போடுகிறார்கள். கிளாசிக் 58 மி.மீ. நீளம், 21 கிராம். ஒரு இறாத்தல் 453 கிராம். ஆக இறாத்தலுக்கு 21 கத்தி, பத்து இறாத்தலுக்கு ஏறக்குறைய 210. 91 மி.மீ. கத்திகளில் மெலிந்த ஸ்பார்ட்டன் 60 கிராம் அளவில் வரும், இறாத்தலுக்கு ஏழு. லெதர்மன் வேவ் 241 கிராம், பத்து இறாத்தலுக்குப் பதினெட்டுத்தான். படத்தில் எத்தனை மல்டிடூல் தெரிகிறது என்று எண்ணி, சொல்லியிருக்கிற நிறையோடு ஒப்பிடு. எண்ணிக்கை கூட, நிறை குறைவு என்றால் தகட்டில் செய்த மலிவுச் சாமான்.

இப்போது காசு. பத்து இறாத்தல் கிளாசிக் கூறை நீ 200 டொலருக்கு ஏலம் பிடித்தாய் என்று வை. இந்தக் கூறுகளை விற்கிற கவ்டீல்ஸ் இணையத்தள ஏலங்களில் அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் சேரும். விற்கிறவரைப் பொறுத்து அது மாறும், அறிவிப்பின் அடியில் போட்டிருப்பார்கள். 12.5 வீதம் என்றால் 225. அதற்கு மேல் 6 வீத விற்பனை வரி, ஆக 238 டொலர் 50 சதம். 210இல் பாதிதான் தேறும் என்று கணக்குப் போடு. 105 கத்தி, ஒன்று 2 டொலர் 27 சதம். இது நல்லாய்த்தான் தெரியும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, கழுவி, எண்ணெய் விட்டு, ஓட்டுக்குள் செருகுகிற பல்லுக்குத்தி போட்டு முடிக்க நாலு நிமிடம் என்று வைத்தால் 210க்கும் பதினாலு மணித்தியாலம். இரண்டு முழு நாள். அந்த இரண்டு நாளுக்கு நீ போடுகிற விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உன் உச்ச விலையைக் கடுதாசியில் எழுத வேண்டும். எழுதினால் அதைத் தாண்டாதே. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏல நேரம் நீளும். காத்திருந்து முடிகிற விநாடியில் தட்டிப் பறிக்கிற தந்திரம் அங்கே எடுபடாது, விலையைத்தான் ஏற்றும். காசு கட்டவும் பொதியை எடுக்கவும் தவணை இருக்கிறது, அதையும் அறிவிப்பில் பார். பார்த்த நிலையில், இருந்த இடத்தில் என்பதுதான் விற்பனை நிபந்தனை. திருப்பிக் கொடுக்க வழியில்லை. நீ பக்கத்தில் இருப்பதால் நேரே போய் எடு, தபால் கூலி மிச்சம்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் பெட்டிக்குள் கையை விடாதே. அரைவாசி திறந்த அலகுகள் உள்ளே இருக்கும். தடித்த தோல் கையுறை போட்டு, ஒரு வெள்ளைச் சீலையை விரித்து, பெட்டியைச் சரித்துக் கொட்டு. குவியலாகப் பிரி: முழுசு, பல்லுக்குத்தியோ சாவணமோ இல்லாதது, கத்தரிக்கோல் ஸ்பிரிங் போனது, அலகு நுனி உடைந்தது, குப்பை. பொத்தானை அழுத்தினால் பாய்கிற கத்தி ஏதும் அகப்பட்டால் வேறாக எடுத்து வை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மாநிலம் விட்டு மாநிலம் விற்கத் தடை போடுகிறது. உன் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் அதைத் தொடாதே.

ஒரு கிளாசிக்கைக் கையில் எடு. சாவணத்தையும் பல்லுக்குத்தியையும் முதலில் உருவி வெளியே வை, இல்லாவிட்டால் அந்தப் பொந்துக்குள் தண்ணீர் தங்கும். சின்ன அலகை மெதுவாக மூடு. கடைசிக் கால்வாசியில் அது தானாக டக் என்று உள்ளே விழ வேண்டும். தொளதொள என்று விழுந்தால் முதுகு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஆணியைத் துளைத்துப் பிரிக்காமல் அதைத் திருத்த முடியாது, விட்டுவிடு. பிறகு கத்தரிக்கோலைத் திற. அமத்தினால் தானாக விரிய வேண்டும். விரியாவிட்டால் அந்தச் சின்னத் தகட்டு ஸ்பிரிங் போய்விட்டது, அதைப் புதிதாக வாங்கிப் போடலாம். ஆனால் 58 மி.மீ. ஸ்பிரிங் வேறு, 91 மி.மீ. ஸ்பிரிங் வேறு, மாறி வாங்கிவிடாதே. பல்லுக்குத்தியும் சாவணமும் அதே மாதிரிச் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு. வெளி ஓடு கீறியிருந்தால் மெல்லிய அலகைக் கொடுத்து நெம்பினால் பித்தளை ஆணித் தலைகளிலிருந்து கழன்று வரும்; புதிய ஓட்டை வைத்து அமத்தினால் பிடித்துக்கொள்ளும். யாரோ வங்கியின் பெயர் அச்சடித்த கத்தியை விற்க இது ஒரு வழி. ஆனால் ஓட்டின் விலையைப் பார்த்துவிட்டுச் செய், பல வேளை கட்டாது.

கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் போதும். தண்ணீருக்குள் வைத்தே பத்துத் தரம் திறந்து மூடினால் சட்டைப்பைப் பஞ்சு எல்லாம் வெளியே வரும். கொதி தண்ணீர் வேண்டாம், ஓடு வளையும். தின்னர், அசிட்டோன் கிட்டவும் கொண்டுபோகாதே. அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கரைந்து கையில் ஒட்டும். கழுவினதும் அலகுகளை விரித்தபடி மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு காயவிடு. எண்ணெய் விடும்போது இங்கத்தைப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதே. 24 பாகைக்குக் கீழே அது உறையும், உன் ஊர்க் குளிரில் மெழுகு மாதிரி இறுகிக் கத்தி திறக்கவே மாட்டாது. எங்கள் சூட்டில் சிக்கெடுத்துத் தூசி பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் மூட்டுக்கு ஒரு துளி. சாப்பாடு வெட்டுகிற அலகென்றால் உண்ணத் தகுந்த கனிம எண்ணெய்.

மல்டிடூலுக்குப் பார்வை வேறு. குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்குப் பிடி. நுனி இரண்டும் சேர்ந்து, நடுவில் ஒரே அளவான கீறல் தெரிந்தால் நல்லது. நுனி விலகி நின்றால் யாரோ குறட்டை நெம்புகோலாகப் பாவித்திருக்கிறான். கம்பி வெட்டுகிற இடத்தில் அரைவட்டப் பள்ளம் இருந்தால் இரும்புக் கம்பியை வெட்டியிருக்கிறார்கள், பள்ளத்தின் ஓரம் உருகிக் கறுத்திருந்தால் கரண்ட் ஓடுகிற வயரை. வேவ் பிளஸ்ஸில் அந்த வெட்டியைக் கழற்றி மாற்றலாம், பழைய வேவில் முடியாது. லெதர்மன் 1983இல் விட்ட முதல் மொடல் பி.எஸ்.டி.யும் கூறுகளில் வரும். அது ஆணி தட்டிப் பொருத்தினது, பிரிக்கப் பார்க்காதே. பிந்திய பலவற்றில் நடுவில் முளை வைத்த நட்சத்திரத் தலை டொர்க்ஸ் ஸ்குரூ. நடு ஓட்டை உள்ள பிட் (திருப்புளி முனை) தொகுதி ஒன்று வாங்கி வை, சாதாரண பிட்டை வைத்துத் திருகினால் தலை அழிந்துவிடும். லெதர்மனுக்கு 25 வருட உத்தரவாதம் இருக்கிறதே, உடைந்ததை எல்லாம் மூட்டையாகக் கட்டி அனுப்பலாமே என்று உனக்கு யோசனை வரும். அனுப்பாதே மச்சான். பாவித்து உடைத்தவனுக்காக வைத்த உத்தரவாதம் அது, இறாத்தல் கணக்கில் வாங்கினவனுக்காக இல்லை.

சாணை பிடிப்பதில்தான் ஆட்கள் கூடுதலாகக் கெடுக்கிறார்கள். மெசின் சக்கரத்தில் வைத்தால் மெல்லிய அலகு நொடியில் சூடேறி நீலம் பாயும், அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர்க் கல்லில் தீட்டு, 400 நம்பர்க் கல்லில் தொடங்கி 1000இல் முடி. பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. கூர் ஓரளவு இருந்தால் தொடவே வேண்டாம். தேய்ந்து ஒடுங்கின அலகை விட மொட்டை அலகுக்கு விலை கூட.

இங்கே என்ன கொண்டு வரலாம் என்றும் கேட்டிருந்தாய். கிளாசிக் வேண்டாம், திருகோணமலையில் அதை வைத்து நகம் வெட்டுவதைத் தவிர ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். வள்ள இயந்திரம் திருத்துகிறவர்களும் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிறவர்களும் கேட்பது குறடு உள்ள மல்டிடூல். தூண்டில் கழற்ற, கம்பி முறுக்க, கிளிப் இறுக்க அதுதான் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்புக்குத் தப்பாது. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாமல் உறைக்குள் போட்டால், ஒரு கிழமையில் மூட்டுக்குள் கறள் புள்ளி விழும். கூறில் ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி அகப்பட்டு, அலகில் ‘கார்போன்’ என்று இருந்தால் அங்கேயே வைத்துக்கொள். இந்த உப்புக் காற்றில் அது கறள் பிடிக்க ஒரு இரவு போதும்.

பத்துப் பன்னிரண்டுக்கு மேல் கொண்டு வராதே. ஒரே மாதிரி நூறு சாமான் பெட்டியில் இருந்தால் சுங்கத்தில் அது சொந்தப் பாவனை என்று யாரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றையும் மூடி, சீலையில் சுற்றி, பொதிக்குள் போடு. கைப்பையையும் காற்சட்டைப் பையையும் புறப்பட முன் இரண்டு தரம் தடவிப் பார். இல்லாவிட்டால் நீ வாங்கின சாமானே திரும்ப ஹரிஸ்பேர்க் ஏலத்துக்குப் போய்ச் சேரும்.

நீ அனுப்பின மூன்று படங்களில் இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. மல்டிடூல், பன்னிரண்டு இறாத்தல், மேலே குறைந்தது நாலு வேவ் தெரிகிறது. இடது மூலையில் கறுப்பு உறைக்குள் இருக்கிறதை மட்டும் என்னவென்று பிடிக்க முடியவில்லை. பார்வையிட நாள் கொடுத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு எழுது. சித்திரைக்கு வரும்போது 91 மி.மீ. கத்தரிக்கோல் ஸ்பிரிங் இருபது தனியாக வாங்கி வா, இங்கே எடுக்க வழியில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குணம்