நாய் வளர்ப்போர் கவனத்துக்கு: கென்னல் காஃப்

வணக்கம். பொங்கல் லீவில் போர்டிங்கில் (நாய்க் காப்பகத்தில்) விட்டுக் கூட்டிவந்த நாய்களில் மூன்றுக்கு கென்னல் காஃப், அதாவது நாய்களுக்குள் எளிதில் தொற்றும் இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல வறட்டு இருமல், முடிவில் ஓங்கரித்து வெள்ளை நுரை. வாயில் விரலை விட்டுத் தேடாதீர்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

1. போர்டிங்கிலிருந்து வந்த நாயை 14 நாள் மற்ற நாய்களோடு விடவேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் தனி.
2. இருமினால் கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ் போடுங்கள்.
3. நம் இருமல் மருந்து, பாராசிட்டமால் கூடவே கூடாது. சாப்பாடு இறங்கவில்லை, மூச்சிரைப்பு என்றால் அன்றே டாக்டர். குட்டி என்றால் இருமல் தொடங்கியதுமே.
4. ஞாயிறு காலை 10 மணிக்குக் கால்நடை மருத்துவர் கிளப் ஹவுஸுக்கு வருகிறார். தடுப்பூசி அட்டை அவசியம். ரேபிஸ் ஊசி போட்டாச்சு என்பது இதற்குச் செல்லாது, போர்டெடெல்லா (கென்னல் காஃப் தடுப்பூசி) தனி. இருமும் நாயைக் கூட்டிவராதீர்கள், டாக்டர் வீட்டுக்கே வருவார்.

சனி இரவு 8 மணிக்குள் ஃபிளாட் எண், நாயின் வயது பதிலாகப் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது!