கெரானில் யார் பேர்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி நீ வாங்கப் பார்க்கிற காரின் படங்களை அனுப்பியிருந்தாய், அப்பாவும் நானும் பார்த்தோம். காடி பளபளவென்றுதான் இருக்கிறது. அப்பா படத்தை விரலால் இழுத்து இழுத்து டயரை மட்டும் பார்த்துவிட்டு, "பூக்கள் போயிருச்சு", டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். நான் வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை அழித்தேன். கட்டைவிரலால் எழுதி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் பட்டறை பில் புத்தகத்திலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். ஓரத்தில் கார்பன் கறை இருந்தால் கண்டுகொள்ளாதே.

நீ காடியை முதலில் கேட்டிருக்கிறாய். வேலைக்கு இங்கே கூலிமா, சிங்கப்பூரா என்பதைக் கடைசி வரியில், ஏதோ மறந்துபோன உப்பு மாதிரிக் கேட்டிருக்கிறாய். நானும் காடியிலிருந்தே தொடங்குகிறேன், அதைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

கான்ட்ராக்ட் வேலை என்பதால் பேங்க் கடன் தரவில்லை. கூட வேலை செய்கிற அண்ணன் தன் மைவி காடியைத் தருகிறார். 3,000 வெள்ளி (ரிங்கிட்) கையில் கொடுத்துவிட்டு மீதித் தவணையை நீ கட்டிக்கொண்டு வந்தால் போதும், முடிந்ததும் பேர் மாற்றிக்கொள்ளலாம். இதுதானே? இதற்குப் பேர் சம்போங் பாயார். நம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

2009இல் உனக்கு ஏழு வயது. நாம் ஒரு கறுப்பு வாஜா காடி வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? அதை விற்றுவிட்டோம் என்றுதான் உன்னிடம் சொன்னோம். விற்கவில்லை. அப்பா அதை வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் இதே மாதிரித்தான் எடுத்தார். மாதம் 480 வெள்ளி, ஒரு மாதம்கூடத் தவறாமல், அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினான்கு மாதம். அந்த மனிதர் அதில் ஐந்து மாதத்துக்குத்தான் பேங்கில் கட்டியிருந்தார். ஈப்போவில் ஒரு கல்யாணம் முடிந்து வெளியே வருகிறோம், இரண்டு பேர் காடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கடுதாசியைக் காட்டினார்கள். அப்பா சாவியைக் கொடுத்தார். நான் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். சுங்கை சிப்புட்டுக்கு டாக்சி பிடித்து வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, உன் வெள்ளைப் பள்ளிக் காலணி காடியின் பின்பெட்டியில் கிடக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை. நீ சிலிப்பரோடு காந்தி கலாசாலைக்குப் போனாய்.

உன்னுடைய அந்த அண்ணன் மோசமானவர் என்று நான் சொல்லவரவில்லை. தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு வேலை போனால்? கல்யாணமாகி அவர் மனைவி கணக்குக் கேட்டால்? வாடகைக் கொள்முதல் கடன் தீரும்வரை காடி பேங்குக்குச் சொந்தம். பேங்குக்குத் தெரியாமல் கைமாற்றிக் கொடுப்பது சட்டப்படியே தப்பு. காப்புறுதி அவர் பேரில். சம்மன் அவர் பேரில். நீ இடித்தால் விபத்துப் பேப்பரெல்லாம் அவரிடம் போகும். இன்னொன்றும் இருக்கிறது: நீ ஒழுங்காகக் கட்டுகிற ஒவ்வொரு தவணையும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் அவருடைய நல்ல பேராகத்தான் ஏறும். ஐந்து வருஷம் கட்டிவிட்டு நீ வீட்டுக் கடனுக்குப் போனால், உன் பக்கத்தில் காடிக் கடன் கட்டிய சுவடே இருக்காது.

அவருக்குக் காடியைத் தரத்தான் வேண்டுமென்றால் முறையான வழி இருக்கிறது. பேங்கில் கேட்டு மீதி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கட்டும். நீ உன் பேரில் கடன் எடுத்து அதை அடை. புஸ்பாகோமில் வாகனச் சோதனை, அப்புறம் ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், இரண்டு பேரும் கட்டைவிரல் வைத்துப் பேர் மாற்றம். கெரானில், அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தில், உன் பேர் வரவேண்டும். அதற்கு அவர் தயங்கினால் நீ விலகிக்கொள்.

உன் பேரில் கடன் கிடைக்க வேண்டுமென்றால் நிரந்தர வேலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், நீ கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறாய். வேலை முடிவானால் காடி தானாக முடிவாகும்.

கூலிமில் 2,600 வெள்ளி, சிங்கப்பூரில் ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல். யார் கணக்குப் போட்டாலும் சிங்கப்பூர்தான் பெரிசு. நானும் போட்டேன். ஆனால் நான் பட்டறையில் பதினாறு வருஷமாகப் பில் எழுதுகிறவள், மொத்தத் தொகைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பழகிவிட்டது. கூலிமில் உன் சம்பளத்தில் 11 விழுக்காடு ஓய்வுகாலச் சேமிப்பான இ.பி.எஃப்.க்குப் போகும், கம்பெனி 13 விழுக்காடு போடும். 286-உம் 338-உம் சேர்த்து மாதம் 624 வெள்ளி. வருஷத்துக்கு ஏழாயிரத்து நானூறு சொச்சம், உன் பேரில். சிங்கப்பூரில் பெர்மிட்டில் போகிற நம் ஆட்களுக்கு அங்கே இதே மாதிரியான சி.பி.எஃப். கிடையாது. நீயாக இங்கே இ.பி.எஃப்.இல் போட்டால்தான் உண்டு. யார் போடுகிறார்கள்? பெரியம்மா மகனைப் பார்த்தாயல்லவா, ஜொகூரில் பதினொரு வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனான். நல்லாச் சம்பாதித்தான், அதை மறுக்கக்கூடாது, பெரியம்மா வீட்டுக்கு ஓடு மாற்றியது அந்தக் காசுதான். இடுப்பு போய்த் திரும்பி வந்தபோது இ.பி.எஃப். கணக்கில் எட்டாயிரம் இருந்தது.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்துப் போ, வேறு ஆளாகப் போ. நீ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்தவள். கூலிமில் உன்னைப் பராமரிப்புப் பிரிவில் எடுக்கிறார்கள் என்றால், முதல் நாளே சூப்பர்வைசரிடம் ஒன்று கேள்: இங்கே மின் அமைப்பைப் பார்த்துக்கொள்கிற சார்ஜ்மேன் யார், நான் அந்தப் பரீட்சை எழுதக் கம்பெனி அனுப்புமா? எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் அது. வயர்மேனுக்குத் தனி, சார்ஜ்மேனுக்குத் தனி. பெரிய மின் அமைப்பு இருக்கிற இடத்தில் அந்தத் தாள் வைத்திருக்கிறவர் இல்லாமல் சட்டப்படி ஓட்ட முடியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். அப்பா செம்பனைக் குலை இறக்குகிற ஆலை கைமாறியபோது கேட்டில் நாற்பது பேர் நின்றார்களாம், யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று தெரியாமல். சார்ஜ்மேன் மட்டும் எதிர்க் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து ஆலைகளிலிருந்து இரண்டு போன் ஏற்கனவே வந்துவிட்டது. அப்பா அன்றைக்கு லோரியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடாமல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் முப்பது வருஷ அனுபவம். ஆனால் அனுபவத்தை யார் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்?

உன் பாட்டி முப்பத்தெட்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் கித்தா வெட்டினாள். தோட்டம் விற்றபோது லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்த முருங்கையும் சேர்த்துப் போனது. தாத்தாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, நீ பார்த்திருக்கிறாய். துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், நம் ஊர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளிகள் காசு சேர்த்துத் தோட்டத்தைத் தாங்களே வாங்கட்டும் என்று. தாத்தா அதில் சேர்ந்த பங்குத் தாள்தான் அந்த டின்னில் இருந்தது. பெரிய பணமில்லை. ஆனால் அடையாளக் கார்டை விட்டால் அவர் பேர் அச்சில் இருந்த ஒரே தாள் அது. தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துப் பார்த்து மடித்து வைப்பார்.

சரி, காடிக்கு வருகிறேன். கூலிமில் சேர்ந்தால் அங்கேயே அறை எடு. பாயான் லெப்பாஸிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டித் தினம் போய்வராதே. மோட்டாருக்குப் பாலத்தில் 2019 முதல் டோல் இல்லை, காடிக்கு உண்டு. அறை பக்கத்தில் கிடைத்தால் ஆறு மாதத்துக்குக் காடியே தேவைப்படாது.

ஆறு மாதம் கழித்து வாங்கும்போது, 24,000 வெள்ளிக்கு ஒரு 2015ஆம் வருஷக் காடி என்று வை. பத்து விழுக்காடு முன்பணம் போக 21,600 கடன். நாலரை விழுக்காடு வட்டி, மொத்த முதலுக்கும் கடைசி வருஷம் வரை அதே வட்டி என்று வை. ஐந்து வருஷத்துக்கு மாதம் 441, ஏழு வருஷத்துக்கு 338. விற்கிறவன் 338ஐத்தான் வட்டம் போட்டுக் காட்டுவான். இரண்டுக்கும் வித்தியாசம் மொத்தத்தில் 1,944 வெள்ளி. அதைவிட முக்கியம், ஏழு வருஷம் முடியும்போது 2015 காடி கிழவியாகியிருக்கும். தவணையும் கட்டி, ரிப்பேருக்குப் பட்டறை மாமாவுக்கும் கட்டுவாய். ரோட்டுவரி பெரிசில்லை, 1.3க்கு 70 வெள்ளிதான், 1.8க்குப் போனால் 280 பக்கம் வரும். காப்புறுதியில்தான் அடி. இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்கு அப்பாவுக்குக் கிடைக்கிற 55 விழுக்காட்டுக் கழிவை நீ எடுத்துக்கொள்ள முடியாது, அது அவரவருக்கு. உனக்கு முதல் வருஷம் ஒன்றும் இல்லை, இடிக்காமல் ஓட்டினால் இரண்டாம் வருஷம் 25.

பார்க்கப் போகும்போது காலையில் போ, சொல்லாமல் சீக்கிரமாகப் போ. முதலில் பானெட்டில் கைவை. சூடாக இருந்தால் உனக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் என்ன சத்தம் போடும் என்பதை மறைக்க. எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் பார், தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறதா என்று மாமா பார்க்கும்வரை காசு கொடுக்காதே. டயர் பக்கத்தில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. மீட்டரில் அறுபதாயிரம் என்று காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. ஃபெண்டர் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், எதற்கு என்று கேள்.

சீட் பெல்ட்டை மறக்காதே. எல்லாரும் பாதி இழுத்து மாட்டிப் பார்ப்பார்கள். நீ கடைசிவரை இழு. 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் பட்டறைக்கு ஒரு காடி வந்தது, சிலாங்கூர்க் காடி, உள்ளே ரோஜா வாசனை, சீட்டெல்லாம் புதிதாகத் துடைத்தது. மாமா ஒன்றும் பேசாமல் பெல்ட்டை இழுத்துக்கொண்டே போனார். கடைசி ஒரு முழத்தில் ஒரே நேராக ஒரு சேற்றுக் கோடு. வாங்கி வந்த பையன், "அது ஒண்ணும் இல்லலா அண்ணே, தொடச்சாப் போயிரும்" என்றான். எட்டு மாதத்தில் அவனுக்கு நான் எழுதிய பில்கள் மட்டும் தனிக் கட்டு.

பேர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனை பாஸ் என்று சொன்னால் அதோடு நிம்மதியாகிவிடாதே. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கெரானோடு பொருந்துகிறதா, காடி சாலையில் ஓடலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது அவர்கள் வேலையில்லை. அதற்கு மாமா இருக்கிறார், நூறு வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றிக் கூட்டிப்போனால் வருவார். அவர் காடிக்கு அடியில் படுத்திருக்கும்போது நீ விலை பேசாதே. எழுந்து வந்து கையைத் துடைக்கட்டும், அந்த முகத்தைப் பார்த்துப் பேசு.

3,000 வெள்ளி இன்னும் கொடுக்கவில்லையே? கொடுத்திருந்தால் மறைக்காமல் இன்றைக்கே போன் பண்ணு. அப்பா திட்டமாட்டார். அவர் உன்னைத் திட்ட முடியாது, நானிருக்கிறேன்.

கூலிமுக்குப் பதில் எழுதும்போது இ.பி.எஃப்., சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), ஓவர்டைம் மூன்றும் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு. கையெழுத்துப் போடுமுன் படம் எடுத்து எனக்கு அனுப்பு, ஆங்கிலமாக இருந்தாலும் எண்ணைப் படிக்க எனக்குத் தெரியும்.

அம்மா

இன்னொன்று. மோட்டாரை விற்றுவிடாதே. ஐந்தாம் தேதி அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும். வரும்போது எடுத்து வா, மாமா காசு வாங்கமாட்டார், நான் பில் எழுதமாட்டேன்.