குட்டைச் சடைக்கு

மண்டபம்,
ஜூன் 22

அன்புள்ள குட்டைச் சடைக்கு,

பங்குனி நடுவில் நீ போன் பண்ணி, "மாசாமாசம் நாள் தள்ளிருமோன்னு செத்துப் பொழைக்கிறேன்டீ" என்று சொன்னாய். நான் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "ரெண்டு பிள்ளை ஆச்சுல்ல, ஆபரேஷன் பண்ணிட்டு நிம்மதியா இரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதோடு மூன்று மாதம் உன் பக்கமே திரும்பவில்லை. இப்போது அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் உன் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் உன் மாமியார் கையில். உன் அம்மா நாளை உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ தனியாக இருக்கும்போது படி.

பிள்ளைகள் நலம். பெரியவன் பத்தாவது போகிறான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போயாச்சு, கரையில் மறுபடி ஐஸ் லாரிச் சத்தம். கண்ணாடி டீச்சரைச் சந்தையில் பார்த்தேன். "அவளுக்கு இன்னும் பரீட்சைன்னா வயித்துவலி வருதா?" என்று உன்னைத்தான் கேட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பி பொண்டாட்டி விஷயம் இது. உனக்கு எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மதினி, அவங்களுக்காச்சும் ஒதவட்டும்" என்றாள்.

பிள்ளைக்குப் பத்து மாதம். மாசியிலிருந்து மறுபடி கடல்பாசி எடுக்கப் போகிறாள். உனக்குத் தெரியாததா, காலையில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அவளுக்கு அரிப்பும் எரிச்சலும் வெள்ளைப்படுதலும். எல்லாம் உப்புத்தண்ணீரால் வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கூடப் போகிற பெண்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். மூன்று மருந்துக்கடையில் மூன்று களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு கடையிலும் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பங்குனிக் கடைசியில் ஒருநாள் என் கடையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்க முடியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை!

பக்கத்தில் ஓரிடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த அம்மா, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும், "புருஷன் வரலையா? அப்ப யாரு கையெழுத்துப் போடுவா?" என்று சத்தமாகக் கேட்டார். இவள் என் கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மறுநாள் விடாப்பிடியாக ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினேன். இப்போது அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே பால்வினை நோய்க்கென்று தனி மையம் இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. அந்த போர்டைப் பார்த்ததும், "மதினி, நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டா?" என்று முந்தானையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் பாசி எடுக்க விரலில் சுற்றிய துணிப்பட்டையைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள்.

உள்ளே இருந்த ஆலோசகர் செய்த முதல் காரியம், நாற்காலியை அவள் முதுகு வாசல் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டதுதான். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சே ஆரம்பித்தார். இங்கே சொல்வது வெளியே போகாது, ரத்தப் பரிசோதனை முடிவை உன்னிடம்தான் சொல்வோம், வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றார். பத்து நிமிஷத்தில் எல்லாக் கதையையும் கொட்டிவிட்டாள். எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிசுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை என்று வந்தது. இருந்தது குணமாகக்கூடிய தொற்றுதான். மாத்திரையும் பரிசோதனையும் எல்லாமே இலவசம்.

ஆனால் தம்பியும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். "ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா, ஓட்டையை அடைக்காம வள்ளத்துல தண்ணி எறைக்கிற மாதிரிம்மா" என்றார் ஆலோசகர். அவனைக் கிளப்புவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றான், கோபப்பட்டான், ஒருவாரம் என்னோடு பேசவில்லை. தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தான், இல்லாவிட்டால் கடலைச் சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பான். ஆணுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே தொற்று இருக்கலாம் என்று டாக்டர் அவனிடம் நேராகச் சொன்னபிறகு தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை வாங்கினான். இப்போது இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது.

இன்னொரு விஷயம் அங்கேதான் தெரிந்தது. அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று அவள் கருப்பைக்குள் வைக்கிற காப்பர் டி கேட்டாள். தொற்று இருக்கும்போது காப்பர் டி போடக்கூடாதாம், முதலில் குணமாகட்டும் என்றார்கள். அதுவரை சாயா என்கிற கருத்தடை மாத்திரை. இது நம் நாட்டிலேயே, லக்னோவில் கண்டுபிடித்தது, ஹார்மோன் மாத்திரை இல்லை, பால் கொடுக்கிறவளும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அவள் ஞாயிறும் புதனும் சாப்பிடுகிறாள், காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள். கூடவே ஆணுறையும் கொடுத்தார்கள். பிள்ளையைத் தள்ளிப்போட ஆயிரம் வழி இருந்தாலும் நோய் தொற்றாமல் தடுப்பது ஆணுறை ஒன்றுதான் என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க உன் நினைப்புத்தான். உச்சிப்புளி தாண்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு இருக்கும்போது உனக்கு ஆபரேஷன் ஒன்றைத்தானே சொன்னேன்?

அதனால் இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், கேள். உனக்குக் காப்பர் டி போடலாம். ஒருவகை ஐந்து வருஷம், இன்னொன்று பத்து வருஷம். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கையில் ஊசி போட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது, மாத்திரை அட்டையை ஒளித்துவைக்கிற கவலையும் இல்லை. ஆனால் தீட்டு முன்னே பின்னே ஆகும், சிலருக்கு நின்றே போகும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்கி நிற்கிறது என்று நம் பெண்கள் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தேங்குவதற்கு ஒன்றுமே இல்லை, அந்த மாதம் கருப்பைக்குள் படலம் கட்டவே இல்லை, அவ்வளவுதான். ஊசியை நிறுத்தினால் மறுபடி கரு நிற்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். மாலா-என் மாத்திரை என்றால் தினமும் சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தம் இருந்தால் ஆகாது, அதனால் பார்க்காமல் யாரிடமும் வாங்கிச் சாப்பிடாதே.

இதில் எதற்கும் உன் புருஷன் கையெழுத்து வேண்டாம். ஆபரேஷனுக்குக்கூட உன் கையெழுத்து மட்டும் போதும். இது தெரியாமல் எத்தனை பெண்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள் ஊர் நர்ஸ் உன் மாமியாருக்குச் சொந்தம் என்று நீ போகவில்லை, எனக்குத் தெரியும். உன் ஊரில்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். போன் கிடைத்தால் 104க்குக் கூப்பிட்டுப் பேரைச் சொல்லாமலே சந்தேகம் கேட்கலாம். எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றி என்றால் 1097.

ஒருவேளை ஏற்கெனவே நாள் தள்ளியிருந்தால், கடையில் மாத்திரை வாங்கி நீயாகச் சாப்பிட்டுவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கருக்கலைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது, 2021ல் திருத்தினார்கள். கருத்தடை பண்ணியும் தவறிப்போனால்கூட, இருபது வாரம் வரை டாக்டர் ஒருவர் பார்த்து முடிவு செய்யலாம், நீ மேஜர் என்பதால் உன் சம்மதம் போதும், உன் பேரை வெளியே விடக்கூடாது. சீக்கிரம் போனால் மாத்திரையோடு முடியும், ஆனால் டாக்டர் கண்பார்வையில். அப்புறம், "ஸ்கேன்ல என்ன பிள்ளைன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று உன் மாமியார் ஆரம்பித்தால் அசையாதே. அது 1994 சட்டப்படி குற்றம். உன் இரண்டு பெண்களும் தங்கம். மூன்றாவது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று உன் உடம்பை யாரும் அடகு கேட்க முடியாது.

இங்கே இன்னொரு சேதி, நீ நம்ப மாட்டாய். உன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வைகாசியில் வாசெக்டமி பண்ணிக்கொண்டார்! நர்சம்மா ஒருநாள் சொன்ன கணக்குத்தான் காரணம். 2019-21ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் ஆபரேஷன் பண்ணியிருக்கிறார்கள், ஆண்கள் பக்கமோ ஆயிரத்துக்கு ஒருவர்தான். இவர் அதைக் கேட்டுவிட்டு ரெண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "வலை இழுக்க முடியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். கத்தி வைத்துக் கிழிப்பதில்லை, தையலும் இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் ஓய்வு, ஒருவாரம் கனமான வேலை கூடாது. எப்படியும் போட்டு கரையில்தான் கிடந்தது. இப்போது பழையபடி வலை இழுக்கிறார். ஆனால் உடனே பலன் இல்லை, மூன்று மாதம் ஆணுறை போட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனை பண்ணிச் சரி என்று சொன்னால்தான் நிம்மதி. ஆவணியில் அந்தப் பரிசோதனை. கேலி பேசிய கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் ராத்திரி தனியாக வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமானால் இவரே பேசுவதாகச் சொல்கிறார், கூச்சப்படாதே.

அடுத்த வியாழக்கிழமை நான் ராமநாதபுரம் வருகிறேன், நூலும் லைனிங் துணியும் எடுக்க வேண்டும். பத்து மணிக்கு அரண்மனை வாசலில் நிற்கிறேன். தம்பி மகன் காதுகுத்துக்கு ஜவுளி எடுக்க உன்னைக் கூப்பிட்டதாக வீட்டில் சொல், உண்மையாகவே எடுக்கத்தான் போகிறோம். கையெழுத்து உன்னுடையது, என்ன வேண்டும் என்று முடிவு பண்ணுவதும் நீதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பதில் எழுத உனக்கு நேரம் கிடைக்காது. வியாழக்கிழமை வருவதாக இருந்தால் உன் அம்மாவிடம் ஒரு ரவிக்கைத் துணி தைக்கக் கொடுத்துவிடு. நாள் ஏற்கெனவே தள்ளிவிட்டது என்றால் இரண்டு துணி. இரண்டு வந்தால் வியாழன் வரை காத்திருக்க மாட்டேன், மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சாயல்குடிக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் நெட்டை