ஆண்டறிக்கை: நமது பொது ரஸ்ட் திட்டமும் ரிவ்யூ பணிகளும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் தடையின்றி நடந்தன. நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். எல்லோரும் சேர்ந்து ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் எழுதும் திட்டத்தில் வடிவமைப்புத் திருத்தங்களையும் சின்னச் சின்ன மாற்றங்களையும் எப்படிப் பார்த்து ஏற்பது என்பதே அது.

ஆண்டுத் தொடக்கத்தில் ரிவ்யூ கருத்துகள், அதாவது அனுப்பிய நிரலைப் படித்துப் பார்ப்பவர் சொல்பவை, பெரும்பாலும் இடைவெளி, வரி உடைப்பு, கால்புள்ளி பற்றியே இருந்தன. புதிதாக வந்தவர்கள் இதிலேயே சோர்ந்துபோனார்கள். வடிவத்தைப் பற்றி இனி யாரும் வாதிட வேண்டாம், நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் கருவியான ரஸ்ட்எஃப்எம்டி எப்படி எழுதித் தருகிறதோ அப்படியே இருக்கட்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. வரிக்கு 100 எழுத்து, உள்தள்ளலுக்கு 4 இடைவெளி என்ற அதன் இயல்பான அளவுகளை மாற்றவில்லை. ரஸ்டின் திட்ட மேலாண்மைக் கருவியான கார்கோ வழியாக அதை ஓட்டும் கார்கோ எஃப்எம்டி கட்டளையையும் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிட்டோம்.

அப்புறமும் சிலர் அனுப்பிய மாற்றக் கோரிக்கைகள் அந்தச் சோதனையில் தேறவில்லை. காரணம் தேடியபோதுதான் தெரிந்தது: கார்கோ வழியாக ஓடும்போது திட்டத்தின் எடிஷன் (ரஸ்ட் மொழி விதிகளின் பதிப்பு) எதுவென்று கருவிக்குத் தெரியும், ஆனால் சில எடிட்டர்கள் ரஸ்ட்எஃப்எம்டியை நேரடியாகக் கூப்பிடும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது 2015 எடிஷன் என்றே எடுத்துக்கொள்ளும். எடிஷனையும் நடை எடிஷனையும் (வடிவ விதிகளின் பதிப்பு) அமைப்புக் கோப்பில் எழுதிவைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

2024 எடிஷனுக்கு மாறியது பெரிய வேலை. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85 உடன் வந்த எடிஷன் அது. அதன் நடையில் பெயர்களை வரிசைப்படுத்தும் விதமே வேறு. பெயரில் வரும் எண்களில் 8 இப்போது 16-க்கு முன்னால் வரும், முன்பு பின்னால் வந்தது. ஏறக்குறைய எல்லாக் கோப்புகளையும் தொட்ட அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாக (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பாக) வைத்தோம். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் பிளேம் கட்டளை, ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும். அதில் ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கமிட்டே வந்து நிற்காமலிருக்க, தவிர்க்க வேண்டிய கமிட்டுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தோம். கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. வடிவ மாற்றமும் பொருள் மாற்றமும் ஒரே கமிட்டில் வரக்கூடாது என்ற விதியை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்றாக எழுதிய செயற்கூற்று அழைப்புகளின் நடுவே 100 எழுத்தைத் தாண்டும் ஒரு நீளமான சரம் (மேற்கோள் குறிக்குள் எழுதும் உரை) வந்துவிட்டால், ரஸ்ட்எஃப்எம்டி அந்தச் சங்கிலி முழுவதையும் கைவைக்காமல் விட்டுவிடும். சோதனையும் பச்சையாகவே காட்டும். இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

சின்ன மாற்றம் என்பதற்காக மேலோட்டமாகப் பார்க்கக்கூடாது என்பதற்கு ஒரு கோரிக்கையைச் சொல்கிறேன். ஒரு சோதனை நிரலில் தற்காலிகக் கோப்புறையை வைத்திருந்த மாறியின் பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்கியது. எங்கும் பயன்படாத பெயர் எதற்கு என்று, வெறும் அடிக்கோடாகச் சுருக்கி அனுப்பியிருந்தார் ஒருவர். ஒரே வரி, நல்ல நோக்கம். ஆனால் ரஸ்டில் இரண்டும் ஒன்றல்ல. பெயர் இருந்தால் மதிப்பு அந்த நிரல் தொகுதி முடியும்வரை இருக்கும். வெறும் அடிக்கோடு என்றால் அந்த வரியிலேயே விடுவிக்கப்படும், கோப்புறையும் அப்போதே அழிந்துவிடும். ஸ்டாண்டர்ட் நூலகத்தின் மியூடெக்ஸ் பூட்டில் (ஒரே தரவை ஒரே நேரத்தில் பல இழைகள் தொடாமல் காப்பது) இப்படிச் செய்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ரிவ்யூ செய்த உறுப்பினர் நிதானமாகப் படித்ததால் தப்பித்தோம். அவருக்கு இந்த அவையின் பாராட்டு உரியது. அனுப்பியவருக்கு அவர் காரணத்தை எழுதிய விதமும் அருமை. அந்தப் புதியவர் இன்று நம்மில் தொடர்ந்து பங்களிப்பவர்களில் ஒருவர்.

ரஸ்ட் நிரலில் குறைகளைச் சுட்டும் கிளிப்பி கருவியின் பரிந்துரைகளையும் ஆராய்ந்தே ஏற்கிறோம். ஒரு பரிந்துரையை மறுத்தால், அதை அடக்கும் வரிக்கு மேலேயே காரணத்தையும் எழுதிவிடுகிறோம்.

எழுத்துப்பிழை, ஆவணத் திருத்தம் போன்றவற்றுக்கு ஒருவர் ஒப்புதல் போதும், மற்றவற்றுக்கு இருவர் வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. நேரம் ஒதுக்கி ரிவ்யூ செய்த உறுப்பினர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்