தந்தையின் உடலும் கைக்குழந்தையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் குழந்தை பிறக்கும்போது தந்தையருக்கு வழங்கப்படும் 7 நாள் விடுமுறையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு தேவை, ஆணுக்கு எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. குழந்தையைப் பேணும் இயல்பு தாயின் உடலுக்கு மட்டுமே வாய்த்தது என்ற நம்பிக்கைதான் இக்கேள்விக்கு வேர். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்நம்பிக்கை பிழையானது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பாலூட்டிகளில் ஆண் தன் குட்டியை நேரடியாகப் பேணும் இனங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது உண்மையே. ஆனால் அவ்வினங்களில் ஆணின் உடலே மாறிவிடுகிறது. தென் அமெரிக்காவின் மார்மோசெட் குரங்கு பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். பால் குடிக்கும் நேரம் போக அவற்றைச் சுமந்து திரிவதில் தந்தைக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாறு சுமக்கும் ஆணின் இரத்தத்தில், தாய்க்குப் பால் சுரக்கத் துணைபுரியும் அதே புரொலாக்டின் என்னும் ஹார்மோன் உயர்ந்திருப்பது 1982-லேயே கண்டறியப்பட்டது. நம் நாட்டுக் காடுகளில் வாழும் சியாமாங் என்னும் வாலில்லாக் குரங்கிலும், குட்டிக்கு ஒரு வயது ஆனபின் அதைச் சுமப்பது பெரும்பாலும் தந்தையே. (பகாங்கில் பிடிபட்ட ஒருவகைப் பழந்தின்னி வௌவாலின் ஆண்களுக்குப் பால் சுரந்திருந்ததாக 1994-இல் வெளியான செய்தியைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவதுண்டு. அவை குட்டிக்குப் பால் கொடுத்ததை எவரும் கண்டதில்லை என்பதால் அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை.)

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஆய்வுக்கூடச் சுண்டெலி. இணை சேராத ஆண், குட்டியைக் கண்டால் கடித்துக் கொன்றுவிடவும் கூடும். அதே ஆண், இணை சேர்ந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில், பெண் குட்டி ஈனும் காலத்தை ஒட்டி, வழிதவறிய குட்டியை வாயால் மெல்லக் கவ்விக் கூட்டில் சேர்த்து, நக்கித் துடைத்து, மேலே கவிந்து சூடு கொடுக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் அமைந்த, கலானின் என்னும் பொருளைக் கொண்ட நரம்பணுக்களே ஆண், பெண் இரண்டிலும் இப்பராமரிப்பைத் தூண்டுகின்றன என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் டூலாக் குழுவினர் 2014-இல் காட்டினார்கள். இணை சேராத ஆணிடம் அந்நரம்பணுக்களைத் தூண்டியபோது தாக்குதல் நின்று, குட்டியை நக்கிப் பேணும் செயல் தொடங்கியது. அதாவது, பேணுவதற்கான அமைப்பு ஆணின் மூளையிலும் இருக்கிறது.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. பிலிப்பீன்ஸின் செபுவில் 624 இளைஞர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோனின் அளவை 2005-லும் மீண்டும் 2009-லும் சோதித்தார்கள். இடையில் மணமாகித் தந்தையானவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்தது; நாள்தோறும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட தந்தையருக்கு, கவனிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதை ஆண்மைக் குறைவு என்று எவரும் எண்ண வேண்டாம். தொடக்கத்தில் அந்த ஹார்மோன் மிகுந்திருந்தவர்களே பின்னர்த் தந்தையாகும் வாய்ப்பையும் அதிகம் பெற்றிருந்தனர். தந்தை குழந்தையின் கைகால்களை அசைத்து விளையாட்டுக் காட்டியபின் அவருக்கு, பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் உயர்வதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் அளந்து காட்டியுள்ளனர்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்தியக் காலத்தில் குழந்தை பாட்டியின் மடியிலும் ஏணையிலுமாக இருக்கும். தகப்பன் அருகில் வந்தால், "கழுத்து நிற்கவில்லை, நீ தூக்காதே" என்று கையிலிருந்தே வாங்கிவிடுவார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆயினும் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதுமே! துணி மாற்றவும், ஏப்பம் விடச் செய்யவும், இரவில் தோளில் போட்டு உறங்க வைக்கவும் அவனை விடுங்கள்.

2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தம் மகப்பேறு விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தி, மணமான ஆண் ஊழியருக்கு ஊதியத்தோடு 7 நாள் தந்தது. அதை வரவேற்கிறேன். எனினும் அந்த 7 நாளையும் தொடர்ச்சியாகவே எடுக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்யாதவருக்கு அதுவும் கிடையாது. நாள்களைக் கூட்டுவது உடனே இயலாதெனில், அவற்றைப் பிரித்து எடுக்கவாவது மனிதவள அமைச்சு வழிசெய்ய வேண்டும். மாமியார் ஊர் திரும்பி, மனைவி தனித்து நிற்கும் இரண்டாம் மாதத்தில் கிடைக்கும் மூன்று நாள், வீடு நிறைய ஆள் இருக்கும் முதல் வாரத்தைவிடப் பல இளந்தந்தையருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.