சவுண்ட் டேம்பிங் ஃபுல் பேக்கேஜ் – ம்ம்ம்னு இரையறது அப்படியேதான் இருக்கு, கூடவே கதவுக்குள்ள தண்ணி வேற

வணக்கம்ங்க,

போன மாசம் உங்க ஈரோடு கடையில என் டீசல் வண்டிக்கு நாலு கதவு, ஃப்ளோர், டிக்கி, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகரம்) எல்லாம் சேர்த்து சத்தம் குறைக்க ஷீட் ஒட்டற ஃபுல் பேக்கேஜ் போட்டேன், பில் காப்பி இதோட அட்டாச் பண்ணிருக்கேன். இன்ஜின் சத்தம், சைலன்சர் சத்தம் ரெண்டும் உள்ள கேக்கவே கேக்காதுன்னு சொல்லித்தான் காசு வாங்குனீங்க. வேலை பாத்த பசங்களுக்கு போன் பண்ணா ஷீட் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்ணாங்கறாங்க, அதென்ன கான்கிரீட்டா செட் ஆகறதுக்கு.

நல்லா இருக்கறதையும் சொல்லிடறேன். கதவைத் தட்டுனா முன்ன டங்குனு தகரம் மாதிரி கேக்கும், இப்ப டொக்குனு கேக்குது, அது சரி. ஆனா நான் வந்தது அதுக்கு இல்லீங்களே. சங்ககிரி தாண்டி டாப் கியர்ல 1800ல இருந்து 2200 ஆர்பிஎம் வரைக்கும் ம்ம்ம்னு ஒரு இரைச்சல் காதை அடைக்குது, பின் சீட்டுல அம்மா உக்காந்தா தலைவலிங்கறாங்க, இதைத்தான உங்க ஆளை பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிக் காட்டுனேன். உங்க ஷீட்டால அந்த இரைச்சல் கொஞ்சம் கூட குறையல.

நாலு சிலிண்டர் வண்டி 2000 ஆர்பிஎம்ல ஓடுனா நிமிஷத்துக்கு 4000 தடவை ஃபயர் ஆகும், அதாவது செகண்டுக்கு 67 தடவை கிட்ட, சுமார் 67 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த சத்தத்தை தகரத்துல ஒட்டற ரெண்டு மில்லி ஷீட் தடுக்காது, அது தகரம் அதிர்றதை மட்டும்தான் அடக்கும். இது உங்களுக்குத் தெரியாம இருக்காது. முன்னாடி பின்னாடின்னு போன் ஆப்ல டெசிபல் ரீடிங் காட்டுனீங்க பாருங்க, அதுவும் ஷெட்டுக்குள்ள ஐடிலிங்ல நிறுத்தி வெச்சு எடுத்தது, ஆப் காட்டற அந்த டிபி ஏ ஸ்கேல் (தாழ்ந்த சத்தத்தைக் குறைச்சே எடுத்துக்கற அளவு) 63 ஹெர்ட்ஸ் பக்கம் 26 டெசிபல் கழிச்சுட்டுத்தான் கணக்கு போடும், அப்பறம் எப்படிங்க இரைச்சல் அதுல தெரியும்? ரீடிங் குறைஞ்சுது, என் காதுக்கு ஒண்ணும் குறையல.

கடைசில எங்க மெக்கானிக் வண்டியை ராம்ப்ல ஏத்திப் பாத்தா, சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கற ரப்பர் ஒண்ணு கிழிஞ்சு பைப் பாடில போய் முட்டிட்டு நிக்குது, இன்ஜினைத் தாங்கற மவுண்டிங்கும் ஒரு பக்கம் உக்காந்துருச்சு. சில நூறு ரூபா ரப்பர்ங்க அது! மாத்துன அன்னைக்கே பாதி இரைச்சல் போயிருச்சு. ஷீட் ஒட்டறதுக்கு முன்னாடி அடியில ஒரு டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா போதும், "அண்ணா முதல்ல இதை மாத்திட்டு வாங்க"ன்னு அனுப்பிருந்தா நானே ஊரெல்லாம் உங்க கடையைச் சொல்லிருப்பேன்.

ஃபயர்வால் கதையைக் கேளுங்க. டேஷ்போர்டைக் கழட்டாம அங்க முழுசா ஒட்டவே முடியாது, நீங்க கழட்டவே இல்ல, கார்ப்பெட்டைத் தூக்கி கை எட்டுன வரைக்கும் ரெண்டு துண்டு ஒட்டிருக்கீங்க, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பில்லுல மட்டும் முழு ரேட்டு. அதே பில்லுல பியூட்டைல் ஷீட்னு, அதாவது ஒரு வகை ரப்பர் ஷீட்னு போட்டிருக்கு. வெயில்ல நிறுத்திட்டு கதவைத் திறந்தா ரோடு போடற தார் வாசம் குப்புனு அடிக்குது, பியூட்டைலுக்கு எங்கிருந்துங்க தார் வாசம் வரும்?

இதெல்லாம் கூட போகட்டும், மழை பெஞ்ச மறுநாள் பிரேக் அடிச்சா டிரைவர் கதவுக்குள்ள சளக் சளக்குனு சத்தம். டோர் பேடைக் கழட்டிப் பாத்தா கதவு அடியில தண்ணி வெளிய போற ஓட்டை மேலயே ஷீட்டை ஒட்டி அடைச்சு வெச்சிருக்கீங்க. கண்ணாடி வழியா இறங்கற தண்ணி அங்கயே நின்னா கதவு அடி துருப்பிடிக்காம என்ன பண்ணும். மத்த மூணு கதவு எப்படி இருக்குன்னு இன்னும் திறந்து பாக்கல, அதை உங்க ஆளுங்களே என் கண்ணு முன்னாடி திறக்கணும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நாலு கதவுலயும் ஓட்டையைத் திறந்து விடணும், அந்த தார் ஷீட்டை எடுத்துட்டு பில்லுல போட்ட சரக்கை ஒட்டணும், இல்லாட்டி ஷீட்டுக்கு வாங்குன காசைக் குடுக்கணும். செய்யாத ஃபயர்வால் வேலைக்கு வாங்குனது முழுசா திரும்ப வேணும். இரைச்சலுக்கு வாரண்டி கிடையாதுங்கற பதில் வேண்டாம், நான் கேக்கறது செய்யாத வேலைக்கும் மாத்திப் போட்ட சரக்குக்கும். பத்து நாளைக்குள்ள பதில் இல்லாட்டி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா அங்க கட்டணமே கிடையாது, எனக்கு போட்டோவும் பில்லும் போதும்.

போன்ல பேச வேண்டாம்ங்க, எதா இருந்தாலும் இந்த மெயிலுக்கே எழுத்துல பதில் போடுங்க.